எத்தனை மூட்டை போட்டால் எத்தனை மூட்டை?

மேலூர்ப் பக்கம் ஏதாவது ஓர் உரக்கடையில் ஐப்பசி மாதத்துக் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "எத்தனை ஏக்கருண்ணே?" என்பார் கடைக்காரர். "ஒண்ணரை." "நட்டு எத்தனை நாளாச்சு?" "இருபது இருக்கும்." "அப்ப ரெண்டு யூரியா, ஒரு பொட்டாசு எடுத்துக்கங்க. புகையான் கிகையான் தெரியுதா?" அவ்வளவுதான் பேச்சு, மூட்டை வண்டியில் ஏறிவிடும். மண் செவலையா கரிசலா, போன வருடம் அந்த வயலில் என்ன போட்டார், வைக்கோலை விற்றாரா மடக்கி உழுதாரா, எத்தனை மூட்டை நெல்லை மனதில் வைத்து இந்த உர மூட்டையை வாங்குகிறார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரவே வராது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டிருந்தாலும் நம்மிடம் பதில் இருந்திருக்காது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. மண்ணியல்காரர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு, என் மதினி. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் வேளாண் கல்லூரியில் படித்தவர். 1965இல் தொடங்கிய கல்லூரி அது. எங்கள் ஊரில் பாதிப் பேர் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் மதுரைக்குப் போகிறார்கள், உள்ளே போனவர்கள் குறைவு. "மண்ணப் படிக்கிறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று ஊரில் கேலி பேசியவர்கள் உண்டு. அப்பா பேசவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பு, "கண்மாய்க்கரைக்குக் கீழ ஒரு வயல் கெடக்கும்மா. நட்ட மூணாவது வாரத்துல பயிரு துருப்பிடிச்ச கணக்கா நிக்குது. என்னான்னு தெரியல" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். மதினி சிரிக்காமல், "தண்ணி எப்பவுமே நிக்குமா? அடியுரமா டிஏபி நிறையப் போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது என்பது அண்ணனின் வாதம்.

அந்த வயலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் மதினியின் ஆராய்ச்சி. அதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற தகுதியைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. சாக்குப்பை தூக்கியிருக்கிறேன், கயிறு பிடித்திருக்கிறேன்.

நெல்லுக்கு உரக் கணக்கு கண்டுபிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதினி முதலில் விதைத்தது தீவனச் சோளம். வயலை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரித்தார். முதல் பட்டையில் உரமே கிடையாது. நடுப்பட்டையில் வழக்கமான அளவு. மூன்றாவதில் அதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றிலும் சோளத்தை நெருக்கி விதைத்து வளரவிட்டார். பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்று, "என்ன தாயி, நெல்லு ஆராச்சின்னுட்டு மாட்டுக்குத் தட்டை போட்டிருக்க?" என்றார். சோளம் இடுப்பளவு வந்ததும் அவரே ஆளைக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார். வரப்பில் நின்றால் கோடு கிழித்தது போல் தெரியும். வெளிறிய பச்சை, பச்சை, கரும்பச்சை.

எதற்கு இந்தச் சுற்றுவேலை? வளம் குறைந்த மண்ணும் கூடிய மண்ணும் உரத்துக்கு எப்படி வேறு வேறாகப் பதில் சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்காக மேலூரில் ஒரு வயலையும் அலங்காநல்லூரில் ஒரு வயலையும் எடுத்து ஒப்பிட்டால், மண்ணோடு சேர்ந்து தண்ணீரும் மாறும், மழையும் மாறும், விவசாயியின் கைப்பக்குவமும் மாறும். விளைச்சல் வித்தியாசத்துக்கு யார் காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே வயலுக்குள், ஒரே வெயிலில், ஒரே மடைத்தண்ணீரில் வளத்தில் மட்டும் ஏற்ற இறக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கிக்கொள்கிறார்கள். சோளம் மண்ணில் இருப்பதை உறிஞ்சி, போட்ட உரமும் மண்ணோடு கலந்து தணிந்த பிறகு, அடுத்த போகத்தில்தான் நிஜமான பயிர் வருகிறது. அப்போது ஒவ்வொரு பட்டையும் குட்டிக் குட்டிப் பாத்திகளாக உடைகிறது. ஒன்றில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூட, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைய. இன்னொன்றில் நேர்மாறாக. சிலவற்றில் தொழுஉரமும் சேர்த்து. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. நடவுக்கு முன் ஒவ்வொரு பாத்தியின் மண்ணும் தனித்தனிப் பைக்குப் போகும். அறுப்பில் ஒவ்வொரு பாத்தியின் நெல்லும் வைக்கோலும் தனித்தனியாக எடை போட்டு, காயவைத்து, அரைத்து, அதற்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்ப்பார்கள். கதிரடிக்க வந்த பெண்கள் பாத்திக்குப் பாத்தி சீட்டுக் கட்டுவதைப் பார்த்து அலுத்துப்போனார்கள். "கல்யாண வீட்டு மொய் கணக்கு கூட இப்புடி எழுத மாட்டாங்க" என்றது ஓர் அம்மா.

இவ்வளவும் மூன்றே மூன்று எண்களுக்காக. ஒரு குவிண்டால் நெல் விளைய பயிர் எத்தனை கிலோ சத்து எடுக்கிறது? மண்ணில் இருப்பதாகச் சோதனைக்கூடம் சொல்லும் சத்தில் எத்தனை சதவீதம் பயிரின் வாய்க்கு வந்து சேர்கிறது? போட்ட உரத்தில் எத்தனை சதவீதம்? இந்த மூன்றும் கையில் இருந்தால், "எனக்கு இத்தனை மூட்டை வேண்டும்" என்று நீங்கள் சொல்ல, "அப்படியானால் இவ்வளவு போடுங்கள்" என்று மண்ணை வைத்துக் கணக்குச் சொல்லலாம். உரக்கடைப் பேச்சில் இல்லாமல் போனது இதுதான்.

இந்த யோசனை மதினியுடையது அல்ல. 1840இல் ஜெர்மனியில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் வேதியியலை வயலுக்குக் கொண்டுவந்தார். எந்தச் சத்து தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலுக்கு எல்லை கட்டும் என்ற விதி அவர் பெயரில் வழங்குகிறது. அதை அவருக்கு முன்பே 1828இல் கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லிவிட்டார். பெயர் என்னவோ லீபிக்குக்குப் போய்விட்டது. 1909இல் மிட்ஷெர்லிக் அதற்கு ஒரு வளைகோடு வரைந்தார். குறைகிற சத்தைக் கூட்டக் கூட்ட விளைச்சல் ஏறும், ஆனால் அடுத்த கிலோ தரும் ஏற்றம் முந்தைய கிலோ தந்ததைவிடக் கம்மி. அதே 1909இல்தான் கோயம்புத்தூரில் நிரந்தர எரு ஆய்வு வயல் தொடங்கியது. ஒரே பாத்திக்கு வருடா வருடம் ஒரே உரம், ஒன்றும் போடாத பாத்திக்கு வருடா வருடம் ஒன்றுமில்லை. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தொடங்கியவர்களின் பேரன்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார்கள்.

விளைச்சல் இலக்கை முதலில் வைத்து உரத்தைப் பின்னால் கணக்கிடலாம் என்ற எண்ணத்தை 1960இல் அமெரிக்காவின் எமில் ட்ரூவோக் முன்வைத்தார். அதை இந்திய வயலுக்கு ஏற்றபடி செய்து காட்டியவர் தில்லியில் இருந்த மண்ணியல்காரர் பி. ராமமூர்த்தி. நான் மேலே சொன்ன பட்டை பட்டையாகப் பிரிக்கும் வேலை அவர் வகுத்த வழி. 1967இல் அவரும் கூட்டாளிகளும் சொனோரா 64 என்ற குட்டைக் கோதுமைக்கு, இன்ன விளைச்சல் வேண்டுமென்றால் இன்ன உரம் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து அகில இந்திய அளவில் ஆய்வுத் திட்டமே வந்தது. நமக்கான மையம் கோயம்புத்தூரில். பசுமைப் புரட்சியைப் பற்றிப் பேசும்போது வித்து, அணை, அமைச்சர் எல்லாம் பேசுகிறோம். ராமமூர்த்தியின் பெயர் வேளாண் கல்லூரி வாசலைத் தாண்டி வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

சோதனைக்கூடம் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மதினி ஒருநாள் மண்ணில் கரிமம் எவ்வளவு என்று பார்ப்பதை எனக்குக் காட்டினார். சலித்த மண்ணை ஒரு கூம்புக் குடுவையில் இட்டு, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டை ஊற்றினார். அதன் மேல் அடர் கந்தக அமிலம். குடுவை தானாகவே சூடேறிக் கை வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. அரை மணி நேரம் அப்படியே வைத்தார். ஆரஞ்சு நிறம் எவ்வளவுக்கு எவ்வளவு பச்சைப் பக்கம் நகர்கிறதோ அவ்வளவு கரிமம் மண்ணில் இருந்து எரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தண்ணீர் விட்டு ஆற்றி, நிறங்காட்டி சேர்த்து, மேலே இருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கலங்கிய ஊதா, இன்னும் ஊதா, இன்னும் ஊதா, ஒரே ஒரு சொட்டில் பளிச்சென்று பச்சை. அந்தச் சொட்டைத் தவறவிட்டால் மறுபடி முதலில் இருந்து. வாக்லியும் பிளாக்கும் 1934இல் சொன்ன முறை, இன்னும் நம் ஊர்க் கூடங்களில் இதே. 0.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் நிறைவு. எங்கள் மண்ணுக்குப் பச்சை சீக்கிரம் வரவே இல்லை. அதாவது டைகுரோமேட் அப்படியே மிச்சம் இருந்தது, எரிக்க அங்கே கரிமம் இல்லை.

தழைச்சத்துக்கு வேறு முறை, 1956இல் சுப்பையாவும் அசீஜாவும் சொன்னது. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 450க்கு மேல் இருந்தால் நிறைவு என்று வைத்திருக்கிறார்கள். மணிச்சத்துக்கு 11, 22. சாம்பல் சத்துக்கு, அதாவது பொட்டாசுக்கு, 118, 280. பலருக்கு இங்கேதான் குழப்பம். "மண்ணுலதான் 220 கிலோ இருக்குதே, அப்புறம் எதுக்கு யூரியா?" என்று அப்பாவே கேட்டார். அந்த 220, பயிர் எடுத்துக்கொள்ளப் போகும் அளவு அல்ல. ஒரு குறிப்பிட்ட மருந்தைக் குறிப்பிட்ட நேரம் மண்ணோடு சேர்த்துக் காய்ச்சினால் வெளிவருவது எவ்வளவு என்பதற்கு மேல் அதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. வேர் அப்படிக் காய்ச்சுவதில்லை. அந்த எண்ணையும் வேர் எடுப்பதையும் முடிச்சுப் போடுவதற்குத்தான் அத்தனை பாத்திகளும், சீட்டுக் கட்டிய அத்தனை பைகளும்.

அந்த முடிச்சு மண்ணுக்கு மண் மாறும் என்பது மதுரையைச் சுற்றி வந்தால் தெரியும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் செவல். களி குறைவு, சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தியும் குறைவு. போட்ட யூரியா நாலு மழையில் இறங்கிவிடும். திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி என்று போனால் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்; மேல்மண் அந்த வெடிப்பில் விழுந்து உள்ளே போய், மழைக்கு ஊதி எழும்போது கீழ்மண் மேலே வரும். சாம்பல் சத்து பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பு அதிகம், அதனால் போட்ட மணிச்சத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், இரும்பும் துத்தநாகமும் இருந்தும் கிடைக்காது. மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: சுண்ணாம்பு அதிகமான இடத்தில் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து இலையில் அடித்தால் தெளியும். மண்ணில் கொட்டினால் அந்தச் சுண்ணாம்பு அதையும் முழுங்கிவிடும்.

கண்மாய்க்கரை வயலுக்கு வருகிறேன். மதினி கல்யாணம் முடிந்து வந்த முதல் பட்டத்திலேயே அதைப் பார்த்துவிட்டார். கரையில் இருந்து கசிவு, வருடம் முழுக்க ஈரம், தொளி காய்வதே இல்லை. நட்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருநிறப் புள்ளி, நடு நரம்பு வெளுப்பு, பயிர் குட்டை. துத்தநாகக் குறை. வடக்கே இதற்குக் கைரா நோய் என்று பெயர். துத்தநாகம் இல்லாததுதான் காரணம் என்று 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கண்டுபிடித்தார். தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் மண்ணில் துத்தநாகம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். அதோடு அப்பா வருடா வருடம் கொட்டிய டிஏபியின் மணிச்சத்தும் அதை மேலும் மடக்கியது. "பயிரு மெலிஞ்சிருக்கே, இன்னொரு மூட்டை டிஏபி போடு" என்பதுதான் வாடிக்கையாகக் கிடைத்த ஆலோசனை. யார் சொன்னது என்பது இங்கே வேண்டாம். மதினி சொன்னது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட், இரண்டு பங்கு மணலோடு கலந்து, பரம்படித்த பிறகு மேலாகத் தூவ வேண்டும், டிஏபியோடு கலக்கவே கூடாது. அந்த வருடம் அந்த வயல் பச்சையாக நின்றது. அப்பா மருமகளை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் தொழுஉரம், ஆட்டுக்கிடை, கண்மாய் வண்டலான கரம்பை என்று வந்தால் அப்பாதான் வாத்தியார். கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டோடு வருவார்கள். வயலில் கிடை போட்டால் புழுக்கை, மூத்திரம் எல்லாம் நேராக மண்ணில். "ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்" என்பார் அப்பா. மதினி அதற்குக் காரணம் சொன்னார்: ஆட்டுப் புழுக்கையில் கரிமத்தோடு ஒப்பிட்டால் தழைச்சத்து கூடுதல், நுண்ணுயிர்கள் சீக்கிரம் உடைத்து விடுவிக்கும், மாட்டுச் சாணமும் குப்பையும் மெதுவாக மட்கும், முதல் வருடம் கொஞ்சம்தான் கிடைக்கும். அப்பா உடனே அடுத்ததை எடுத்து விட்டார், "சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்லுவாங்களே, அதுக்கும் ஒங்க புத்தகத்துல எதுவும் இருக்கா?" இருந்தது. நன்றாகக் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் வேலை செய்து தழைச்சத்து குபீரென வெளிவரும். 1958இல் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் ஆராய்ந்து எழுதிய பர்ச் என்பவரின் பெயரால் அதை பர்ச் விளைவு என்கிறார்கள். அப்பாவுக்கு ஏகப்பட்ட திருப்தி. ஆப்பிரிக்கா வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று.

கண்மாயில் எடுக்கும் கரம்பையைச் செவலில் அடிப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். செவலில் இல்லாத களி அதில் இருக்கிறது. தண்ணீரைப் பிடிக்கும், சத்தையும் பிடிக்கும். அப்பா காலத்தில் வண்டி மாடு கட்டி அடித்தார்கள். இப்போது அனுமதிச் சீட்டும் டிராக்டரும் வேண்டும், ஆட்கள் அசந்துவிட்டார்கள்.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது வைக்கோல். நெற்பயிர் மண்ணில் இருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. முன்பெல்லாம் அது நம் மாடு தின்று, சாணமாகித் திரும்ப வந்தது. இப்போது அறுவடை முடிந்த கையோடு கட்டுக் கட்டும் இயந்திரம் வருகிறது, லாரி வருகிறது, கட்டுகள் கேரளாவுக்குப் போகின்றன. கைக்கு உடனே காசு, அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் விற்கிறோம். ஆனால் ஒவ்வொரு லாரியிலும் பொட்டாசு ஏறிப் போகிறது. செவல் மண்ணுக்கு அது சின்ன நஷ்டம் அல்ல. கடையில் மேலுரத்தோடு பொட்டாசு வாங்கும்போது வைக்கோல் விற்ற காசில் ஒரு பங்கு அங்கே போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

மண்வள அட்டை பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கியது. பன்னிரண்டு அளவுகள் இருக்கும். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் தொடங்கியபோது அதன் விதி. எங்கள் பக்கம் ஒருவருக்கு இங்கே 40 சென்ட், அங்கே 60 சென்ட். 2.5 ஹெக்டேருக்குள் பத்துப் பேர் நிலம் வரும். கிடை போட்டவரும் இருப்பார், போடாதவரும் இருப்பார், கண்மாய்க்கரை வயலும் இருக்கும். எல்லாருக்கும் ஒரே எண். அதனால் மதினி சொல்வது, உன் வயல் மண்ணை நீயே எடு. வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் மூன்றையும் விட்டுவிட்டு, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மம்பட்டியால் ஆங்கில 'வி' எழுத்து போல வெட்டி, நெல்லுக்கென்றால் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கவாட்டில் ஒரு சீவல். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளி, மறுபடி நாலாக்கி, அரைக்கிலோ மிஞ்சும் வரை. நிழலில் காயவைக்கணும். உரச்சாக்கில் மட்டும் போடக்கூடாது. யூரியா சாக்கில் கொண்டுபோன மண் எங்கும் கிடைக்காத வளமான மண்ணாக இருக்கும்.

சரி, யூரியா. நிற்கும் தண்ணீரில் வீசிய யூரியாவில் 30, 40 சதவீதம் பயிருக்குப் போனாலே அதிகம். நடுப்பகலில் பாசி வளர்ந்த தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அப்போது அமோனியா ஆவியாகப் பறக்கும். சேற்றின் மேல் மெல்லிய ஒரு படலத்தில் மட்டும் காற்று உண்டு. அங்கே நைட்ரேட்டாக மாறுவது கீழே காற்றில்லாத சேற்றுக்கு இறங்கியதும் வெறும் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறிவிடும். மிச்சத்தைத் தின்று தளதளவென்று நிற்கும் பயிரைத் தேடி புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும் வருகின்றன. இது தெரிந்தும் ஏன் கூடப் போடுகிறோம்? விலை. 2010இல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அளவை வைத்து மானியம் என்று மாற்றியபோது யூரியாவைத் தொடவில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம், டிஏபி 1350. காசு இல்லாத நேரத்தில் கை எதற்குப் போகும் என்று சொல்லவா வேண்டும். 2015இல் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள், 2018இல் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கினார்கள். எங்கள் ஊரில் கேட்டால் மூட்டைக் கணக்கு மூட்டைக் கணக்காகவே இருக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். விளைச்சல் இலக்கு முறையை எல்லாரும் விளைச்சலைக் கூட்டும் வித்தையாகவே சொல்கிறார்கள். பிறந்த காலம் அப்படி, 1967இல் வேறு எதைப் பேசுவார்கள். ஆனால் மேலூர்க் கடைமடைக்கு அதன் உண்மையான பயன் நேரெதிர் என்பது என் எண்ணம். இலக்கைக் குறைக்க அது உதவும்.

பெரியாறு பாசனம் இங்கே இரண்டு சாதி. பேரணையில் இருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அவர்களுக்கு ஜூனிலேயே தண்ணீர். அதற்குக் கீழே மேலூர் பகுதி 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். எங்களுக்கு செப்டம்பர் நடுவில் திறந்தால் உண்டு. வைகை அணையில் 71 அடி நிற்கும் வருடமும் உண்டு, முறை வைத்துக் கொடுத்து கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நிறுத்தும் வருடமும் உண்டு. தமிழ்நாட்டுக்கான பொதுப் பரிந்துரை மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்கிறது. கள்ளந்திரிக்கு மேலேயும் அதே, கீழேயும் அதே. தண்ணீர் பாதியில் போகும் வயலுக்கு முழு விளைச்சலின் உரம் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை, உங்கள் வயலுக்கு அப்படியே போடாதீர்கள். 60 கிலோ மூட்டை, ஏக்கருக்கு 40 மூட்டை இலக்கு, ஆக 24 குவிண்டால். குவிண்டாலுக்கு 1.7 கிலோ தழைச்சத்து என்றால் பயிருக்கு 41 கிலோ வேண்டும். மண் சோதனையில் ஹெக்டேருக்கு 220, ஏக்கருக்கு 89. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்றால் 18 கிலோ மண்ணே தருகிறது. மீதி 23. போடுவதில் 40 சதவீதம்தான் சேரும் என்பதால் 57 கிலோவுக்கு மேல் போடவேண்டும். யூரியாவாக 125 கிலோ, மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைய. இப்போது இலக்கை 30 மூட்டையாக வையுங்கள். பயிருக்கு வேண்டியது 31 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மண் தரும் 18 அப்படியே நிற்கிறது. மீதி 13 கூட இல்லை. யூரியா 68 கிலோ, ஒன்றரை மூட்டை. இலக்கு கால்வாசி குறைந்தது. யூரியா பாதிக்குப் பக்கத்தில் குறைந்துவிட்டது. மண் கொடுப்பது எந்த இலக்குக்கும் மாறாது, வெட்டு முழுக்க உரத்தின் தலையில் விழுகிறது. தொழுஉரம் அடித்திருந்தால் அதன் பங்கையும் கழிக்க வேண்டும், இன்னும் குறையும்.

சந்தேகமான தண்ணீரில் 40 மூட்டைக்கு உரம் போட்டு 25 மூட்டை எடுப்பவரும், 30க்குப் போட்டு 25 எடுப்பவரும் வட்டிக்கு வாங்கிய காசில் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். பாதியிலே தண்ணீர் கூட வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் தழைச்சத்தை அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நாலாகப் பிரிப்பது. இலைவண்ண அட்டையும் கைகொடுக்கும். நட்டு 14 நாளில் இருந்து வாரம் பத்து நாளுக்கு ஒருதரம், நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையின் பச்சைகளோடு வைத்துப் பார்க்கணும், நம் நிழலில் வைத்து, வெயில் படாமல். நிறம் அட்டையின் 4ஆம் எண்ணுக்குக் கீழே இறங்கினால் பயிர் யூரியா கேட்கிறது. வெள்ளைப்பொன்னி ரக நெல்லுக்கு 3.

இப்போதெல்லாம் புரட்டாசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பேரம் நடக்கும். அப்பா கையில் பேப்பர், அணை மட்டம் வரும் பக்கம். மதினி கையில் நோட்டு, வயல் வாரியாக மண் கணக்கு. 40 என்பார் அப்பா முதலில், ஆசைக்கு. மதினி ஒன்றும் சொல்லாமல் அணை மட்டத்தைப் படிக்கச் சொல்வார். போன புரட்டாசியில் அப்பாவே கொஞ்சம் யோசித்து இறங்கி வந்தார்.

"முப்பதுன்னு போடு தாயி. இருபத்தஞ்சுக்கு அணைத்தண்ணி. மிச்சம் அஞ்சுக்குக் கார்த்திகை மழை."

"அப்ப அந்த அஞ்சு மூட்டைக்கான யூரியாவக் கார்த்திகையிலயே வாங்கிக்குவோம் மாமா."